பத்து முறை எழுதுவதா, சொல்லக் கேட்டு எழுதுவதா?

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்று எழுதினால், சரியான சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்வதே பல வீடுகளில் வழக்கம். கையெழுத்துக்கு அது உதவலாம். ஆனால் மேல்வரியைப் பார்த்தே கீழ்வரியை எழுதுகிற பிள்ளை, மூன்றாம் வரியில் நழுவவிட்ட பிழையை மீதி ஏழு வரிகளுக்கும் கொண்டுபோய்விடும்.

சொல்லக் கேட்டு எழுதும் முறையே மேல் என்பது என் கருத்து. பல்லி என்னும்போது நுனிநாக்கு மேற்பல்லின் அடியைத் தொடுவதையும், பள்ளி என்னும்போது மேலே வளைந்து அண்ணத்தைத் தொடுவதையும் பிள்ளையே உச்சரித்து உணர்ந்து எழுதலாம். ஆயினும் ந, ன வேறுபாடு இன்றைய பேச்சில் பெரும்பாலும் காதுக்கு எட்டுவதில்லை என்பதால், அங்கே இன எழுத்துகளே கைகொடுக்கும்: டகரத்துக்கு முன் ண் (வண்டி), தகரத்துக்கு முன் ந் (பந்து), றகரத்துக்கு முன் ன் (கன்று). நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் போதும்; பிழையைச் சிவப்பு மையால் சுழிக்காமல், பிள்ளையையே தேடச் சொல்லலாம்.