எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றுகொண்டே எடை குறைத்தேன்: இரண்டு வருஷத்து அனுபவம்

காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் பலகாரம் போட்டு விற்கிறேன். தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம், மாவுருண்டை. காலையிலிருந்து மத்தியானம் வரை எண்ணெய்ச் சட்டி முன்னால்தான் வாசம். நான் போய் எடை குறைப்பைப் பற்றி எழுதுவது சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம், இருக்கட்டும். 81 கிலோ இருந்தவள் இரண்டு வருஷத்துக்கு மேலான பிறகு 72-ல் நிற்கிறேன். என் உயரம் 157 சென்டிமீட்டர். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கிற பிஎம்ஐ கணக்கில், இந்தியர்களுக்குச் சொல்வதன்படி 25-ஐத் தொட்டாலே உடல் பருமன், நான் இன்னும் 29-ல் இருக்கிறேன். ஆளே மாறிப்போனாள் என்கிற கதையைத் தேடி வந்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ரத்தத்தில் மூன்று மாத சர்க்கரை சராசரி (HbA1c) 6.2 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. காரைக்குடியில் பார்த்த டாக்டரம்மா மாத்திரை எழுதவில்லை, ஒரு தாள் கொடுத்தார். தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, மீதிக் கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ. ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குள். மத்தியானமும் ராத்திரியும் சாப்பிட்ட கையோடு பதினைந்து நிமிஷம் நடை. வாரத்தில் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. காபியில் சர்க்கரை பாதி. அவ்வளவுதான். பவுடர் இல்லை, தராசு இல்லை, வீட்டுக்காரருக்கு ஒரு சமையல், எனக்கு ஒரு சமையல் என்பதும் இல்லை. சோம்பேறித் திட்டம் என்று இதைப் பாராட்டாகவே சொல்கிறேன். தீபாவளி ஆர்டர் நேரத்தில் மனுஷி நின்றுகொண்டே தூங்குவாள், அந்த நாளிலும் செய்ய முடிகிற திட்டம்தான் எனக்குத் திட்டம்.

அந்தத் தாளில் இல்லாத ஒரு விஷயம் உடைசல். சட்டியிலிருந்து எடுக்கும்போது உடைவதை ஓரமாகப் போட்டு வைப்போம், போகிற வருகிற கை அதில் ஒன்றை எடுத்து வாயில் போடும். உப்பு பார்க்க ஒன்று, முறுகல் பார்க்க ஒன்று, சும்மா ஒன்று. கணக்கு போட்டால் தலை சுற்றும். எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுக்கும் சர்க்கரைக்கும் 4. பொரித்த முறுக்கு நூறு கிராம் என்றால் 500 கலோரி சுமார். என் எடையில் ஒரு மணி நேரம் மிதமாக நடந்தால் செலவாவது 250-ஐ ஒட்டித்தான். ஆக, ஒரு கைப்பிடி உடைசல் ஒரு மணி நேர நடையை விழுங்கிவிடும். வாயைக் கட்டு என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கவில்லை, அதெல்லாம் நடக்காது. உப்பு பார்க்கிற வேலையை முறை வைத்து எல்லோருக்கும் பிரித்துவிட்டேன். உடைசல் விழுந்தவுடன் மூடி போட்ட டின்னுக்குள் போகும், சாயங்காலம் பாதி விலைக்குக் கொடுத்துவிடுவோம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் இப்போது அதற்காகவே வந்து நிற்கிறார்கள். முதல் நாலைந்து கிலோ போனதற்கு நடையைவிட இந்த டின்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டு மாற்றம் நான் பயந்த அளவுக்கு இல்லை. நம் பக்கத்துச் சமையலில் எண்ணெய் குறைவாகக் கேட்கிற காய் வகை நிறையவே இருக்கிறது. அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கிற வெண்டைக்காய் மண்டி ஒன்று போதும், சோறு குறைந்ததே தெரியாது. ராத்திரி இட்லிக்குத் தேங்காய்ச் சட்னியை விட்டுவிட்டு, கத்தரிக்காயை வேகவைத்துப் பிசைந்த கோசமல்லி. பிரட்டல், வறுவல் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு. சிரமம் பருப்புப் பங்கில்தான் வந்தது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், இட்லியில் ஒன்றுக்கு இரண்டு இருந்தால் பெரிது. நாலு மணிப் பசி உயிரை எடுத்தபோது பாசிப்பயறுச் சுண்டல் பழகினேன், அதன்பின் தணிந்தது.

ஒரு இடைச்செருகல். கடைக்கு வருகிறவர்கள் "ஆச்சி, கவுனி அரிசி சாப்பிட்டா எடை குறையுமாமே?" என்று கேட்கிறார்கள். கறுப்பு நிறத்தில் சத்து உண்டு, தவிடு நீக்காததால் நார்ச்சத்தும் உண்டு. ஆனால் நாம் அதைச் சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் கொட்டித்தானே கிண்டுகிறோம்? கும்மாயமும் அப்படியே. உளுந்து நல்லதுதான், அதோடு சேர்கிற கருப்பட்டிக்கும் நெய்க்கும் கணக்கு உண்டு. என் வியாபாரம் கெட்டாலும் இதைச் சொல்லிவிடுகிறேன்.

நடைக்கு நான் தெருவில் இறங்கியதே இல்லை. சித்திரை வெயிலில் இரண்டு மணிக்குக் கோட்டையூர்த் தெருவில் நடந்தால் எடை குறையாது, மயக்கம் வரும். பலகார வேலைக்காக ஒரு பழைய வீட்டின் பின்கட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். வீட்டுச் சொந்தக்காரர்கள் சென்னையில் இருப்பதால் வளவும், அதாவது முற்றத்தைச் சுற்றிய பத்தியும், சும்மாதான் கிடக்கிறது. சாப்பிட்டுக் கை கழுவியதும் செருப்பில்லாமல் வளவைச் சுற்றி வருவேன். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் காலுக்குக் குளிர்ச்சி. மழைக்காலத்தில் நடு முற்றத்தில் ஊற்றும், சுற்றுப் பத்தி நனையாது. கூட வேலை செய்கிற இரண்டு பேர் தாங்களாகவே சேர்ந்துகொண்டார்கள், ஊர்க்கதையில் பதினைந்து நிமிஷம் எங்கே போனது என்று தெரியாது. இரண்டு வேளையும் சேர்த்து வாரத்துக்கு 210 நிமிஷம் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது குறைந்தது 150 நிமிஷ மிதமான உழைப்பு. ஆனால் கதை பேசிக்கொண்டு ஆடி அசைந்து நடப்பதை அதில் சேர்க்க முடியாது, கொஞ்சம் மூச்சு வாங்க வேண்டும்.

விசேஷ வீடுகளுக்குத் திட்டத்தில் வழியே இல்லை. முன்னோருக்குப் படைக்கிற படைப்பு, கல்யாணம், அறுபதாம் சாந்தி என்று தை மாதத்திலிருந்தே இலை விரித்தபடி இருக்கும். நான் பிடித்ததைச் சாப்பிட்டேன், மறுநாள் பட்டினி கிடக்கவில்லை, பழைய தட்டுக்குத் திரும்பினேன். பந்தியில் பக்கத்தில் இருந்த ஒரு ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏம்மா, மேலுக்கு முடியலையா? இப்படி இளைச்சுப் போயிட்டியே" என்றார்கள். நம் ஊரில் பெண் இளைத்தால் வருகிற பாராட்டு இதுதான், வாங்கிக்கொள்ள வேண்டியது.

எடை நேர்கோட்டில் இறங்கவில்லை. முதல் மாதம் சடசடவென்று இரண்டு கிலோ. அதில் பெரும்பங்கு தண்ணீர் என்று டாக்டரம்மா அப்போதே சொல்லிவிட்டார். உடம்பு கிளைகோஜன் என்ற பெயரில் சேமித்து வைக்கிற மாவுச்சத்து ஒரு கிராம் கரைந்தால் அதோடு மூன்று கிராம் தண்ணீரும் போகும். அப்புறம் மாதத்துக்கு அரைக் கிலோ வந்தால் அதிகம். 75-ல் வந்து மாதக்கணக்கில் அசையவே இல்லை. சின்ன உடம்புக்குச் செலவும் சின்னது, முன்பு குறைத்த அதே சாப்பாடு இப்போது சரிக்குச் சரி ஆகிவிடுகிறது. இரண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்து எழச் சொன்னார். மெல்ல நகர்ந்தது.

அந்த மாதங்களில் விட்டுவிடாமல் இருந்ததற்கு ஒரு தகவல் உதவியது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-ல் வெளியானது. சாப்பாட்டையும் நடையையும் மட்டும் மாற்றியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது, அவர்களுக்கு எடை பெரிதாக இறங்காமலேயே. எனக்கும் மெஷின் முள் நின்றிருந்தபோதே ரத்தப் பரிசோதனை 5.9 காட்டியது, இப்போது 5.7. இன்னும் எல்லைக்கோட்டில்தான். எடை மெஷினை மாதம் ஒருமுறைதான் மிதிக்கிறேன். இடுப்புக்கு டேப் போதும். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள், நான் 98-லிருந்து 89-க்கு வந்திருக்கிறேன்.

குறை சொல்வதென்றால் வேகம். ஆறு மாதத்தில் கல்யாணம் வைத்திருக்கும் பெண்ணுக்கு இதைச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள், சோற்றைக் குறைக்கும் முன்பு டாக்டரிடம் அளவு கேளுங்கள், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். மூட்டு வலி உள்ளவர்கள் தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டாம். எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் படுத்தியது. இப்போது உயரமான ஸ்டூலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதில்தான் செய்கிறேன்.