பச்சை லைட்டை நம்பி 23,500 ரூபாய் போச்சு: மழைக்கு பேட்டரி பம்ப் செட் வாங்கப் போறவங்க படிச்சிட்டுப் போங்க

நேத்து ராத்திரிதான் சேத்தை வழிச்சு வீட்டைக் கழுவி முடிச்சோம். கோவம் ஆறறதுக்குள்ள எழுதிடறேன், இல்லேன்னா 'போனா போகுது'ன்னு வீட்ல எல்லாரும் சேர்ந்து என்னை அமுக்கிடுவாங்க. இந்த மாதிரி செட் வாங்கும்போது என்னென்ன பாக்கணும்னு கடைசியில சொல்றேன்.

வீடு வியாசர்பாடி. ரோட்டு மேல ரோடு போட்டுப் போட்டு எங்க வாசப்படி இப்ப ரோட்டுக்குக் கீழ கிடக்கு. கணேசபுரம் சுரங்கப்பாதை ரொம்பிடுச்சுன்னு நியூஸ்ல வந்தா, எங்க வீட்டுப் பின்கட்டுல தரையிலிருந்து தண்ணி ஊற ஆரம்பிச்சிருக்கும். அதுக்குன்னே மூலையில குழி வெட்டி, உறை இறக்கி, மோட்டார் வச்சு வெளிய தள்றோம். ஆனா தண்ணி ஏறினா ஈபில கரண்டை நிறுத்திடுவாங்க. நிறுத்தித்தான் ஆகணும், தெருவுல இருக்கற ஈபி பில்லர் பாக்ஸ் தண்ணில நிக்கும்போது கரண்ட் விட்டா உயிர் போயிடும். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயலப்போ கரண்ட் இல்லாம மோட்டார் சும்மா கிடந்துச்சு, வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. அதனாலதான் இந்த வருஷம் சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் முதல் வேலையா இதை வாங்கினேன்.

கடை வடசென்னையிலதான். இன்வெர்ட்டர், பேட்டரி விக்கிற கடை. பேர் போட மாட்டேன், காரணம் கீழ இருக்கு. ஓனருக்கு என் வயசுதான் இருக்கும், வாய் நிறைய 'அண்ணே அண்ணே'ன்னான். வீட்ல இருக்கற அரை ஹெச்பி மோட்டாரை இன்வெர்ட்டர்ல ஓட்டலாமான்னு கேட்டேன். "வேணாம்ணே, ஸ்டார்ட் ஆகும்போது கரண்டை பல மடங்கு இழுக்கும், சின்ன இன்வெர்ட்டர் ட்ரிப் ஆயிடும். தனியா 12 வோல்ட் டிசி பம்ப் போட்டுக்கோங்க"ன்னான். சரியான பேச்சு. "பம்ப் 10 ஆம்பியர் இழுக்கும், பேட்டரி 150 ஏஹெச், ராத்திரி முழுக்க ஓடும்ணே." ஏஹெச்னா ஆம்பியர்-மணி, 150ஐ 10ஆல வகுத்தா 15 மணி நேரம். இதுவும் சரியான கணக்கு. ஏமாத்தறவன் உளறுவான்னு நெனப்போம். இவன் சொன்னதுல ஒரு வார்த்தை தப்பு இல்ல, குடுத்த சாமான்தான் தப்பு.

ட்யூபுலர் பேட்டரி, 15 ஆம்பியர் ஆட்டோமேட்டிக் சார்ஜர், பம்ப், தண்ணி ஏறினா மிதந்து பம்பைத் தானா போடற ஃப்ளோட் சுவிட்ச், மாட்டுற கூலி எல்லாம் சேர்த்து 23,500 ரூபாய். பக்கெட்ல தண்ணி ஊத்தி பம்பை ஓட்டியே காட்டினான். மாட்ட வந்த பையன் சார்ஜரைச் சுவத்துல அடிச்சு, "சிவப்பு எரிஞ்சா ஏறுது, பச்சை எரிஞ்சா ஃபுல்லு. பச்சையைப் பார்த்துட்டு நிம்மதியா தூங்குங்கண்ணே"ன்னான். எங்கம்மா அந்தப் பையனுக்கு டீ போட்டுக் குடுத்தாங்க. அதை நெனச்சாதான் எனக்கு இன்னும் எரியுது.

பச்சை எரிஞ்சுது. தினம் எரிஞ்சுது. தெனம் காலைல அம்மா போய்ப் பார்த்துட்டு வந்து "பச்சைடா"ன்னு சொல்லுவாங்க.

மழை வந்துச்சு, கரண்ட் போச்சு, ஃப்ளோட் தூக்குச்சு, பம்ப் ஓடுச்சு. கொஞ்ச நேரத்துல முனக ஆரம்பிச்சு நின்னுடுச்சு. விடிய விடிய பக்கெட்டாலதான் எறைச்சோம். ஃப்ரிட்ஜ் போச்சு, அரிசி டிரம்முக்குள்ள தண்ணி போச்சு.

கரண்ட் வந்ததும் கடைக்குப் போன் பண்ணேன். வாங்கும்போது அண்ணே, இப்ப சார் ஆயிட்டேன். "சார்ஜர்ல ஈரம் பட்டிருக்கும் சார்." படல, தலைக்கு மேல அடிச்சிருக்கு. "டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தலையா சார்?" வாங்கி ஒரு சீசன்கூட ஆகல, பேட்டரில தண்ணி அளவு காட்டற மிதவை எல்லாம் மேலதான் நிக்குது. "பையன் ஊருக்குப் போயிருக்கான் சார்." அப்புறம் வாட்ஸப்ல போட்டோ அனுப்பச் சொன்னான், அனுப்பினா நீல டிக் மட்டும்தான். நேர்ல போனா, "வாரண்டி கம்பெனி குடுக்கறது சார், நாங்க வெறும் டீலர்." சரி, கம்பெனிக்குப் போறேன், வாரண்டி கார்டுல சீல் அடிச்சுக் குடுன்னா, "ஸ்டாக் வந்ததும் அடிக்கலாம்." அவங்க பில்லுன்னு குடுத்த பேப்பர்ல மேல சின்னதா எஸ்டிமேட்னு அச்சடிச்சிருக்கு, ஜிஎஸ்டி நம்பர் இல்ல. 23,500 ரூபாய்க்கு எஸ்டிமேட்!

எங்க ஏரியால வண்டி பேட்டரி பாக்கற பாய் ஒருத்தர் இருக்கார். அவரைக் கூப்ட்டேன். மீட்டர் வச்சதும் 12.7 வோல்ட் காட்டுச்சு, நான் நல்லாத்தானே இருக்குன்னேன். "தம்பி, சார்ஜரை இப்பதான கழட்டின, அது மேலாப்புல நிக்கற வோல்ட். பம்பைப் போடு"ன்னார். போட்டதும் 9க்கு விழுந்துச்சு. அப்புறம் மூடியைத் திறந்து, ஆசிட் அடர்த்தியை, அதாவது கிராவிட்டியை அளக்கற ஹைட்ரோமீட்டரை விட்டார். இந்த ட்யூபுலர் ஃபுல்லா ஏறியிருந்தா 1240 கிட்ட நிக்கணுமாம். அஞ்சு செல் 1180 பக்கம், ஒண்ணு 1100. பிளேட்ல சல்பேட் படிஞ்சு கெட்டியாயிட்டா பேட்டரி கரண்டை உள்ள வாங்காதாம். வோல்ட் மட்டும் சர்ருன்னு ஏறிடும், சார்ஜர் அதைப் பார்த்து 'ஃபுல்லு'ன்னு பச்சையைப் போட்டுடும். அம்மா தினம் பார்த்த பச்சை அதுதான்.

சார்ஜரைத் தனியா, அவர்கிட்ட இருந்த நல்ல பேட்டரி ஒண்ணு சார்ஜ் எறங்கிக் கிடந்துச்சு, அதுல மாட்டிப் பார்த்தார். மேல எழுதியிருக்கறது 15 ஆம்பியர், வயரைக் கவ்வி கரண்டை அளக்கற கிளாம்ப் மீட்டர்ல 4 தாண்டல. பேட்டரியே நல்லதா இருந்தாலும் ஒரு தடவை காலியானா இது ஏத்தி முடிக்க ரெண்டு நாளுக்கு மேல ஆகும். மழைக்காலத்துல எந்த ஊர்ல ரெண்டு நாள் சேர்ந்தாப்புல கரண்ட் இருக்கு? கடைசியா ஸ்டிக்கரை நகத்தால சுரண்டினார். அடியில இன்னொரு ஸ்டிக்கர். பழைய பேட்டரில ஆசிட் மாத்தி, துடைச்சு, புதுசுன்னு குடுத்திருக்கான். பாசிட்டிவ் வயர்ல ஒரு ஃப்யூஸ் கூட இல்ல, அது தனி அயோக்கியத்தனம்.

என்னென்ன பாக்கணும்னு எழுதறேன்னேன். கை வலிக்குது, சுருக்கமா சொல்றேன். லைட்டை நம்பாதீங்க. மாசம் ஒரு தடவை சார்ஜர் பிளக்கைப் பிடுங்கிட்டு, குழில தண்ணி ஊத்தி ஒரு மணி நேரமாவது பேட்டரில ஓட்டிப் பாருங்க, ஓடும்போது வோல்ட் பாருங்க. கடையிலேயே கிராவிட்டி பார்த்துக் காட்டச் சொல்லுங்க, மாட்டேன்னா அடுத்த கடை. சார்ஜர் ஆம்பியர் பேட்டரி ஏஹெச்ல பத்துல ஒரு பங்காவது இருக்கணும். ஜிஎஸ்டி பில், சீல் அடிச்ச கார்டு கைக்கு வராம காசு குடுக்காதீங்க. பேட்டரி சார்ஜ் ஆகும்போது கேஸ் வரும், படுக்கற ரூம்ல வைக்காதீங்க. அவ்ளோதான் இப்ப ஞாபகம் வருது.

கடை பேர் கேட்டு இன்பாக்ஸ் வராதீங்க, விஷயம் புகாருக்குப் போயிடுச்சு, அதான் பேர் போடல. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் சொல்லியாச்சு, அடுத்து நுகர்வோர் கோர்ட். 5 லட்சம் வரைக்கும் அங்க மனுவுக்குக் கட்டணம் இல்ல. ஜிபே பண்ணது, எஸ்டிமேட், ரெண்டு ஸ்டிக்கர் போட்டோ எல்லாம் எடுத்து வச்சிருக்கேன். இதை ஓனர்கிட்டயும் சொன்னேன். "பண்ணிக்கோங்க சார், கடையில ஆள் நிக்கறாங்க"ன்னு போனை வச்சுட்டான்.