நொச்சித் தைலம்: ஓட்ட நாய்க்கு உகந்ததா?

கிருஷ்ணகிரியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் 100 மில்லி நொச்சித் தைலம் வாங்கி, ஓட்டப் பயிற்சிக்குப் பின் தொடை இறுகிப்போகும் என் சிப்பிப்பாறை நாய்க்கு இரண்டு வாரம் தேய்த்துப் பார்த்தேன். நல்லெண்ணெயில் காய்ச்சியது என்பதால் கை வழுக்கிச் செல்கிறது. குட்டை முடிக்கு அடியில் இறுகிய தசையைக் கட்டைவிரலால் தேடிப்பிடித்து, பாதத்திலிருந்து மேல்முகமாக நீவிவிட முடிகிறது. இளக்கம் தருவது தைலமா, கைச்சூடா என்றால், பாதிக்கு மேல் கைதான் என்பேன்.

ஆனால், மூடியைத் திறந்ததுமே கற்பூர நெடி. தடவிய இடத்தை நாய் நக்காமல் விடாது. கற்பூரமோ, வலித் தைலங்களில் சேரும் விண்டர்கிரீன் எண்ணெயோ வயிற்றுக்குள் போனால் அதற்கு நஞ்சு. இதைச் சொன்னதற்குக் கடைக்காரர், "மனுசனுக்கே ஒத்துக்குது, நாய்க்கு என்னங்க?" என்றார். கற்பூரமின்றிக் காய்ச்சித் தந்தால் மட்டுமே மீண்டும் வாங்குவேன்.