159 வெள்ளி டைட்ஸும் அம்மாவின் காலுறையும்

போன ஆண்டு மார்ச் பள்ளி விடுமுறையில் அக்கா மகனைச் சிங்கப்பூரின் குவீன்ஸ்வே ஷாப்பிங் சென்டருக்குக் கூட்டிப்போனேன். உயர்நிலை மூன்றில் படிக்கிறான், பள்ளிக் கூடைப்பந்துக் குழுவில் இருக்கிறான். காலணி வாங்கத்தான் போனோம். பழைய ஜோடியின் அடிப்பாகம் கட்டைவிரலுக்குக் கீழே தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டிருந்தது. கடைக்குள் நுழைந்ததும் அவன் பார்வை போனதோ சுவரில் தொங்கிய கறுப்புக் கம்ப்ரெஷன் டைட்ஸ் மேல், அதாவது காலை இறுக்கி அழுத்திப் பிடிக்கும் கால்சட்டை மேல்.

"சித்தி, டீம்ல எல்லாரும் இதத்தான் போடுறாங்க. போட்டா மசில் டயர்டாகாதாம்."

விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். 159 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அவன் பாதத்துக்குச் சரியாக இருந்த காலணியே 110 வெள்ளிதான்.

"வேண்டாம்டா" என்று சட்டென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே மாதிரி ஒன்று என் அலமாரியிலும் இருந்தது. அன்று காலணியை மட்டும் வாங்கிக்கொண்டு, "சித்தி நல்லா போட்டுப் பாத்துட்டு உனக்குச் சொல்றேன்" என்று அவனுக்கு வாக்குக் கொடுத்தேன். இந்த மதிப்புரை அந்த வாக்கிலிருந்து வந்தது.

நான் தாதி. 19 ஆண்டுகளாக அறுவை சிகிச்சை வார்டில் வேலை. நாற்பது வயதுக்குப் பிறகு ஓட ஆரம்பித்து, இதுவரை ஏழு அரை மாரத்தான் முடித்திருக்கிறேன். ஆக, இந்த இறுக்கமான துணியை இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்குத் தெரியும். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர்களின் காலில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க வெள்ளைக் காலுறை போட்டுவிடுவது எங்கள் அன்றாட வேலை. அதற்கு முன் கணுக்காலின் சுற்றளவு, கெண்டைக்காலின் பெருத்த இடம், குதிகாலிலிருந்து முழங்கால் வரை உயரம் என்று டேப் வைத்து அளப்போம். அளவு தப்பினால் பயனில்லை. இறுகி மடிந்துபோனால் தோலையே புண்ணாக்கிவிடும். ஆனால் விளையாட்டுக் கடையில் டைட்ஸ் வாங்கியபோது என்னிடம் கேட்டது உயரமும் எடையும் மட்டும். "எம் சைஸ் எடுத்துக்கோங்க" என்றார்கள். கணுக்காலில் எவ்வளவு அழுத்தம் தரும் என்று கேட்டேன். அட்டையில் அந்த எண் இல்லை, விற்பவருக்கும் தெரியவில்லை. மருத்துவக் காலுறை என்றால் 15–20, 20–30 என்று மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில் அழுத்தம் அச்சிட்டிருக்கும். கணுக்காலில் அதிகம், மேலே போகப்போகக் குறையும். அந்தப் படிப்படியான இறக்கம்தான் இதன் உயிர்நாடி.

நான் போட்டுப் பார்த்தவை மூன்று: அந்த முழுநீள டைட்ஸ், 55 வெள்ளிக்கு வாங்கிய கெண்டைக்கால் உறை, மருத்துவப் பொருள் கடையில் வாங்கிய முழங்கால் வரையிலான காலுறை. ஓடும்போது உதவுகிறதா என்பதை முதலில் பார்த்தேன்.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் எனக்கு ஒரு வழக்கமான 10 கிலோமீட்டர் உண்டு, பிடோக் படகுத்துறையைத் தொட்டுவிட்டுத் திரும்புவது. சனிக்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு, ஒரு வாரம் உறையோடு, மறுவாரம் உறையில்லாமல் என்று 16 வாரம் ஓடினேன். அதே காலணி, முந்தைய இரவு அதே சாப்பாடு. உறையோடு ஓடிய எட்டு முறைக்குச் சராசரி 61 நிமிடம் 20 வினாடி, இல்லாமல் ஓடியதற்கு 61 நிமிடம் 5 வினாடி. கைக்கடிகாரம் காட்டிய இதயத்துடிப்பிலும் வித்தியாசம் இல்லை. ஒரே ஒருத்தியின் கணக்கு இது. ஆனால் முறையாக ஆராய்ந்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். 2010-ல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் நன்கு பயிற்சி பெற்ற 16 நெடுந்தூர ஓட்டக்காரர்களைக் கெண்டைக்கால் உறையோடும் இல்லாமலும் ஓடவிட்டு, ஆக்சிஜனை எவ்வளவு செலவிடுகிறார்கள் என்று அளந்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசமே இல்லை.

உறை போட்டு ஓடுகையில் கால் கெட்டியாக, கட்டுக்கோப்பாக இருப்பதுபோல் ஓர் உணர்வு வரும். அது பிரமை அல்ல. 2017-ல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 20 பேரை டைட்ஸோடும் இல்லாமலும் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தபோது, ஒவ்வோர் அடிக்கும் தசை அதிர்வது குறைந்தது உண்மை. ஆனால் தசைக் களைப்பு குறையவில்லை. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது நைக்கி. உடை விற்கும் நிறுவனத்தின் பணத்தில் நடந்தும் முடிவு அப்படி வந்தது என்பதால் எனக்கு அதன்மேல் நம்பிக்கை கூடுதல். "மசில் டயர்டாகாதாம்" என்று அக்கா மகன் சொன்னானே, அந்தப் பேச்சுக்கு நேரான பதில் அங்கே இருக்கிறது.

வார்டில் பார்ப்பதை வைத்து எனக்கு இது புரிகிறது. காலிலிருந்து ரத்தத்தை மேலே தள்ளும் பம்பு கெண்டைக்கால் தசைதான். ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைக்குள் ஒருவழிக் கதவு போன்ற வால்வுகள் இருக்கின்றன. தசை சுருங்கும்போதெல்லாம் ரத்தம் ஒரு படி மேலே ஏறும், கீழே இறங்காது. ஓடும்போது அந்தப் பம்பு இரண்டு காலிலுமாகச் சேர்த்து நிமிடத்துக்கு 160, 170 தடவை தானே அடிக்கிறது. வெளியிலிருந்து துணி என்ன பெரிதாகக் கூட்டிவிடப் போகிறது? அசையாமல் நிற்கும்போதும் படுத்திருக்கும்போதும்தான் பம்பு தூங்கிவிடுகிறது. துணிக்கு வேலை அங்கே.

அம்மாவின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 27 ஆண்டு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கடை போட்டவர். காலை ஐந்து மணிக்கு நின்றால் மதியம் இரண்டுக்குத்தான் உட்காருவார். கெண்டைக்கால் முழுக்க நீலமாகச் சுருண்ட சிரை, சாயங்காலம் ஆனால் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் அப்படியே நிற்கும். பலதுறை மருந்தகத்தில் கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிட்டு, காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி நன்றாக இருக்கிறது என்று உறுதிசெய்த பிறகுதான் 20–30 காலுறை போடச் சொன்னார்கள். (அம்மாவுக்கு நீரிழிவும் உண்டு. நீரிழிவு இருப்பவர்கள், காலில் உணர்ச்சி குறைந்தவர்கள், ரத்தம் சரியாக இறங்காதவர்கள் தயவுசெய்து மருத்துவரைக் கேட்காமல் இதைப் போடாதீர்கள். ஓட்டக் குழுவில் யாராவது கடன் கொடுத்தால்கூட வேண்டாம்.) காலையில் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே, வீக்கம் தொடங்குமுன், போட்டுவிட வேண்டும். காலுறையைக் குதிகால் வரை உள்பக்கம் வெளியே திருப்பி, பாதத்தை நுழைத்து, ரப்பர் கையுறை மாட்டிய கையால் நீவி நீவி ஏற்ற வேண்டும். முதல் வாரம் அம்மா திட்டிக்கொண்டேதான் போட்டார். மூன்றாம் வாரம், "இது இல்லாம இத்தன வருசம் எப்புடி நின்னேன்?" என்று என்னிடமே கேட்டார்.

இந்தக் காலுறையை உருவாக்கிய கோன்ராட் யோப்ஸ்டும் சிரை நோயாளிதான், தொழிலால் பொறியாளர். நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் தன் கால்வலி அடங்குவதைக் கவனித்தார். ஆழம் கூடக்கூடத் தண்ணீரின் அழுத்தமும் கூடுகிறது, கணுக்காலில்தான் அதிகம். அதையே துணியில் கொண்டுவரலாம் என்று அவருக்குத் தோன்றியது. நோயாளியின் வலியிலிருந்து பிறந்த பொருள் ஓட்டப் பாதைக்கு வந்தது பிறகுதான்.

வேகத்தை விடுங்கள். ஓடி முடித்த பிறகு எப்படி? இங்கே என் கருத்து முற்றிலும் வேறு.

அரை மாரத்தான் ஓடிய மறுநாள் எனக்குக் காலை 7 மணி வேலை. வார்டில் உட்கார நேரம் கிடைக்காது. முன்பெல்லாம் இரண்டாம் நாள்தான் கொடுமை: எம்ஆர்டி ரயில் நிலையப் படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவேன். கடைசி மூன்று ஓட்டங்களிலும் குளித்து முடித்ததும் முழங்கால் காலுறையைப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலை முடியும்வரை கழற்றவில்லை. வலி இல்லாமல் போகவில்லை. ஆனால் படியில் நேராக இறங்கினேன். 2014-ல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் 12 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் உடற்பயிற்சிக்குப் பிறகு வரும் தசைவலி குறைவதையும் வலு சீக்கிரம் திரும்புவதையும் கண்டிருக்கிறார்கள். 2015-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், மாரத்தான் ஓடிய 33 பேரில் சிலருக்கு அழுத்தக் காலுறையும் மற்றவர்களுக்குப் பெயருக்கு ஒரு காலுறையும் கொடுத்து 48 மணி நேரம் போடவைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து டிரெட்மில்லில் ஓடியபோது அழுத்தக் காலுறைக்காரர்கள் முன்பைவிட 2.6 விழுக்காடு கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள், மற்றவர்கள் 3.4 விழுக்காடு குறைந்தார்கள். இறுக்கமாக எதையோ போட்டிருக்கிறோம் என்ற நம்பிக்கையே பாதி வேலை செய்யலாம் என்ற சந்தேகம் இந்தத் துறையில் எப்போதும் உண்டு. எனக்கு அந்த நம்பிக்கை வேலைசெய்தாலும் சரிதான், ஆனால் அதற்கு 159 வெள்ளி தேவையில்லை. என் காலுறை 38 வெள்ளி.

டைட்ஸைப் பற்றி: நம் ஊர் வெக்கையில் அது தண்டனை. ஓடும் முன் சமையலறைத் தராசில் வைத்தேன், 210 கிராம். 15 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து கழற்றி நிறுத்தால் 370. அந்த வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், துணியில் தேங்கினால் சுமை. துவைத்தாலும் சீக்கிரம் காய்வதில்லை, மழைக்காலத்தில் இரண்டு நாள். ஒரு நல்ல குணம் உண்டு: தொடைகள் உரசிப் புண்ணாவதில்லை. ஈரப்பதத்தில் நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் 25 வெள்ளிக்கு வாங்கிய சைக்கிள் கால்சட்டையும் அதே வேலையைச் செய்கிறது.

செம்பு இழை சேர்த்தது என்று விற்கிறார்களே, அதற்குக் காசு கொடுக்காதீர்கள். 2015-ல் டாமி காப்பர் நிறுவனம், தன் உடைகள் மூட்டுவாதம் போன்ற கடும் வலிகளைத் தீர்க்கும் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக வந்த வழக்கை முடிக்க அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 13.5 லட்சம் அமெரிக்க டாலர் கட்டியது.

பையன் சும்மா விடவில்லை. கூடைப்பந்து வீரர்கள் கையில் உறை போடுகிறார்களே என்று கேட்டான். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஆலன் ஐவர்சனைச் சொன்னேன். 2001 வாக்கில் அவருக்கு வலது முழங்கையில் வீக்கம், அதற்காகப் போட்டதுதான் அந்த உறை. அவர் ஆட்டத்தைப் பார்த்த உலகம் முழங்கையில் ஒன்றுமே இல்லாத பிள்ளைகள் கைக்கும் அதை ஏற்றிவிட்டது. அழகாக இருக்கிறது என்று போட்டால் தப்பே இல்லை, குழுவோடு ஒன்றாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை பதினைந்து வயதில் நியாயமான ஆசை. அதை அழகு என்று சொல்லி விற்றால் எனக்கு வருத்தமில்லை. களைப்பு தீரும் என்று சொல்லி, சேமிப்பிலிருந்து 159 வெள்ளியைப் பிள்ளைகளிடம் வாங்குவதுதான் மனசைச் சுடுகிறது.

நவம்பரில் அவனுக்கு இரண்டு நாள் தொடர் ஆட்டம் இருந்தது. முதல் நாள் இரவு அவனைச் சோபாவில் உட்காரவைத்து டேப்பால் அளந்தேன்: கணுக்கால் 22 சென்டிமீட்டர், கெண்டைக்கால் 36. அந்த அளவுக்கு 15–20 காலுறை ஒரு ஜோடி, 32 வெள்ளி. கறுப்பு நிறம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். இருந்தது.