ஒரே படம், நான்கு அறைகள்: பூட்டு எங்கே விழ வேண்டும்?

சாலிகிராமத்தில் ஒரு நெடுந்தொடருக்கு உதவிப் படத்தொகுப்பாளராக இருந்தபோது, நானும் பக்கத்து அறைக்காரரும் தெரியாமல் ஒரே ப்ராஜெக்ட் கோப்பை (வெட்டியதும் ஒட்டியதும் பதிவாகும் கோப்பு) திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தோம். இரவு எட்டு மணிக்கு நான் சேமித்தேன். ஒன்பது மணிக்கு அவர் சேமித்தார். கல்யாண மண்டபக் காட்சியில் நான் தேடித் தேடி ஒட்டிய ரியாக்‌ஷன் ஷாட்டுகள் அத்தனையும் போயின. மறுநாளிலிருந்து கோப்புகளுக்கு ‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’, ‘இதுதான் ஃபைனல்’ என்று வால் முளைத்தது.

அதற்குப் பிறகு எந்தப் படத்தொகுப்பு மென்பொருளைப் பற்றிப் பேச்சு வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஒருவர் வேலை செய்யும்போது மற்றவர்களுக்கு எது பூட்டப்படுகிறது?

அவிட் மீடியா கம்போசரில் பூட்டு விழுவது ‘பின்’னில். (தமிழில் ‘பிறகு’ என்று படித்துத் தடுமாற வேண்டாம், கிளிப்புகளைப் போட்டு வைக்கும் கூடை அது.) முதலில் திறப்பவருக்குப் பச்சை நிறத்தில் திறந்த பூட்டு, அடுத்து வருபவருக்குச் சிவப்பு நிறத்தில் மூடிய பூட்டு. சிவப்பு தெரிந்தவர் பார்க்கலாம், வேண்டியதைத் தன் பின்னுக்கு நகல் எடுக்கலாம், அதிலேயே மாற்றிச் சேமிக்க முடியாது. ரீலுக்கு (படத்தின் ஒரு பகுதிக்கு) ஒரு பின் என்று பிரித்துவிட்டால் எடிட்டர் மூன்றாம் ரீலிலும் உதவியாளர் ஐந்தாம் ரீலிலும் மோதாமல் இருக்கலாம். பின்னைத் திறந்தபடியே டீ குடிக்கப் போகிறவர்தான் ஒரே தொல்லை. ஆனால் இந்தப் பூட்டு எல்லாச் சேமிப்பகத்திலும் வேலை செய்யாது. அவிட்டின் சொந்தக் கூட்டுச் சேமிப்பகமான நெக்ஸிஸ் வேண்டும், அல்லது அதேபோல் நடந்துகொள்ளும் வேறொன்று வேண்டும். செலவு அங்கேதான் ஏறுகிறது.

அடோபி பிரீமியர் புரோவில் இரண்டு வழிகள் உண்டு. பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். 2020இல் வந்த புரொடக்‌ஷன்ஸ், பெரிய ப்ராஜெக்டைச் சிறு சிறு ப்ராஜெக்டுகளாக உடைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே பூட்டுகிறது. அவிட்டின் அதே யோசனைதான், ஆனால் சாதாரணக் கூட்டுச் சேமிப்பகமே போதும், கோப்புகள் அலுவலகத்தை விட்டு வெளியே போவதில்லை. டீம் ப்ராஜெக்ட்ஸ் வேறு விதம். ப்ராஜெக்ட் அடோபியின் கிளவுடில் இருக்கும், ஒவ்வொருவரும் தம் பிரதியில் வெட்டிவிட்டுப் பிறகு பகிர்வார்கள். இருவர் ஒரே இடத்தைத் தொட்டிருந்தால் யாருடையதை வைப்பது என்று அது கேட்கும். சென்னையில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர் என்றால் இது கை கொடுக்கும். ஆனால் ஃபுட்டேஜையோ அதன் ப்ராக்ஸியையோ (எடை குறைந்த நகல்) இரு ஊர்க்காரர்களும் கையில் வைத்திருக்க வேண்டும். நடு இரவில் தூக்கக் கலக்கத்தில் ‘யாருடையதை வைப்பது’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் துணிச்சல் கிடையாது.

ஃபைனல் கட் புரோவில் ஒரு லைப்ரரியை (ப்ராஜெக்டுகளும் கிளிப்புகளும் சேர்ந்திருக்கும் கோப்பு) ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்கலாம். தனி ஆளுக்கு அருமையான கருவி, குழுவுக்கு அல்ல.

டாவின்சி ரிசால்வைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். இங்கும் பின் பூட்டப்படுகிறது. அதோடு நிற்காமல், கலரிஸ்ட் வண்ணம் சேர்க்கும் கிளிப் மட்டும் தனியே பூட்டப்படுகிறது. மற்ற முறைகளில் படத்தொகுப்பை முடித்து, வெட்டுகளின் பட்டியலை எக்ஸ்எம்எல்லாகவோ ஏஏஎஃப்பாகவோ கோப்பெடுத்துக் கொடுத்து, கலரிஸ்ட் அதைத் தன் இடத்தில் மறுபடி பொருத்த வேண்டும். பிறகு இயக்குநர் இரண்டு ஷாட்டுகளை மாற்றச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து. ரிசால்வில் எடிட்டர் வெட்டிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து அறையில் கலரிஸ்டும் ஃபேர்லைட் என்ற அதன் ஒலிப் பகுதியில் ஒலிக்காரரும் அதே ப்ராஜெக்டில் இருக்கலாம். இன்று இரவு ஒளிபரப்பாக வேண்டிய எபிசோடுக்கு இது மணிக்கணக்கில் மிச்சம். ப்ராஜெக்ட் தனிக் கோப்பாக அல்ல, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது; அதற்கான சர்வர் மென்பொருள் இலவசம். 2022இல் ரிசால்வ் 18உடன், அந்த ப்ராஜெக்டை இணையம் வழியே பகிர, அதன் தயாரிப்பாளரின் பிளாக்மேஜிக் கிளவுடும் வந்தது. பழைய பழக்கத்தில் கோப்புறையை மட்டும் பென்டிரைவில் நகல் எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கக் கூடாது. தரவுத்தளத்தையே தினமும் பேக்கப் எடுக்க ஓர் ஆள் வேண்டும்.

எதை எடுத்தாலும் கேபிளை மறந்துவிடுகிறார்கள். 1080 வீடியோ, நொடிக்கு 25 ஃபிரேமில், ப்ரோரெஸ் 422 என்ற வடிவத்தில் ஓடினால் கேபிளில் நொடிக்குச் சுமார் 122 மெகாபிட் போகும். நான்கு அறைகளில் தலா இரண்டு வீடியோ ஓடினால் 976. ஒரு கிகாபிட் (1000 மெகாபிட்) இணைப்பு அங்கேயே மூச்சுத் திணறும். அதையே டிஎன்எக்ஸ்எச்டி 36 என்ற எடை குறைந்த வடிவத்தில் ப்ராக்ஸியாக மாற்றினால் 288தான். மென்பொருள் திக்குகிறது என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு மருந்து 10 கிகாபிட் நெட்வொர்க் சுவிட்சு.

இப்போது நான் இருக்கும் இடத்தில் தினத் தொடர் ஓடுகிறது, ரிசால்வில். திரைப்படம் ஒன்று வந்து நான்கு உதவியாளர்களும் ஆறு மாத அவகாசமும் தந்தால் அவிட்டுக்கே திரும்பிவிடுவேன், சேமிப்பகத்துக்குத் தயாரிப்பாளர் பணம் கொடுத்தால்.