மூன்று லிட்டர் மண்சட்டி: எட்டு மாதம் சமைத்த பிறகு

எட்டு மாதமாக எங்கள் வீட்டில் பருப்பும் குழம்பும் இந்தச் சட்டியில்தான் வேகின்றன. மூன்று லிட்டர் பிடிக்கும், உருண்டை அடி, உள்ளே பூச்சு கிடையாது. பூச்சு இல்லாததைத் தேடித்தான் வாங்கினேன். பளபளவென்று மெருகேற்றிய சில சட்டிகளின் பூச்சில் காரீயம் என்ற நச்சு உலோகம் இருக்கும், புளிப்பு பட்டால் அது உணவில் இறங்கும். கைக்கு வந்ததும் விரல் முட்டியால் தட்டினேன். கணீரென்றது. சூளையில் நன்றாக வெந்திருக்கிறது, விரிசல் இல்லை.

கூடவே வந்த சீட்டில் 'இரண்டு மணி நேரம் ஊறவைத்தால் போதும்' என்றிருந்தது. தயவுசெய்து அதை நம்பாதீர்கள். முன்பு வேறொரு சட்டியை அப்படி அவசரமாக அடுப்பில் ஏற்றி, மூன்றாம் நாளே அடியில் கசிந்து வீணாகிப்போனது.

இந்த முறை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தேன். மேலெல்லாம் கடுகு கடுகாகக் குமிழி கிளம்பிக்கொண்டே இருந்தது. மண்ணின் துளைகளில் அடைந்திருந்த காற்று அது. நிழலில் காயவைத்து, அப்புறம் அரிசி களைந்த தண்ணீரை முக்கால் சட்டி ஊற்றிச் சிறுதீயில் கொதிக்கவிட்டேன். ஆறியதும் கொட்டிவிட்டு, மறுநாள் மறுபடியும். அதிலுள்ள மாவுச்சத்து சூட்டில் கெட்டியாகித் துளைகளை அடைத்துவிடும். முதல் நாள் சட்டியின் வெளிப்பக்கம் வியர்த்தது போல ஈரம். ஐந்தாம் நாள் கொதிக்கும்போதே கிட்டப் போய்ப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. எத்தனை நாள் என்று எண்ணாமல், இந்த ஈரம் நின்றதா என்று பாருங்கள்.

அடுப்பை அணைத்த பிறகும் சில நிமிடம் தளதளவென்று கொதி அடங்குவதில்லை. முக்கால் பதத்திலேயே அணைத்துவிடலாம்.

குறைகள்? கேஸ் அடுப்பில் உருண்டை அடி ஆடுகிறது, அடுப்பின் மேல் ஒரு வளையம் போட்டே வைக்கிறேன். இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஆகாது.

சோப்பு போடவே கூடாது, துளைக்குள் இறங்கி அடுத்த சமையலில் வாடை அடிக்கும். வெந்நீரும் நாரும் போதும். சூடாக இறக்கியதை ஈர மேடையில் வைக்காமல் பிரிமனையில் (வைக்கோல் அல்லது கயிற்று வளையம்) வையுங்கள். ஒருமுறை சரியாகக் காயாமல் மூடி வைத்ததில் உள்ளே பூஞ்சை பிடித்துவிட்டது. சமையல் சோடா போட்டுக் கொதிக்கவிட்டுத் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் வைத்தபின்தான் சரியானது. அதிலிருந்து கவிழ்த்துத்தான் வைக்கிறேன், காற்று புக விளிம்புக்கடியில் ஒரு குச்சியும் கொடுத்து.