ஆறு சனிக்கிழமை, ஒரு படப்புத்தகம்

பிள்ளையோடு பெற்றோரும் சேர்ந்து உட்காரும் கற்றல் வகுப்பு என்றதும், இன்னொரு அறிவுரைக் கூட்டம் என்றுதான் நினைத்தேன். ஆறு சனிக்கிழமையும் போய்வந்தேன். நினைத்தது பாதி தப்பு.

உருப்படியானது படப்புத்தக நேரம். கதையை நாம் வாசித்துக்கொண்டே போகக் கூடாது. கேள்வி கேட்டுப் பிள்ளையைச் சொல்ல வைக்க வேண்டும். 1988இல் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழுவினர் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவிய முறை இது. நான் பழக்கதோஷத்தில், "இது நாய்தானே?" என்றேன். நான்கு வயது மகள் தலையை மட்டும் ஆட்டினாள். பயிற்சியாளர் மெதுவாக, "கட்டிலுக்கு அடியில ஏன் இருக்குன்னு கேட்டுப் பாருங்க" என்றார். கேட்டேன்.

"குளிக்கப் பயந்து ஒளிஞ்சிருக்கு!"

அதை அப்படியே விட்டுவிடாமல், கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்ல வேண்டுமாம்: "ஆமா, தண்ணி ஜில்லுன்னு இருக்கும்னு பயந்து ஒளிஞ்சிருக்கு." அப்புறம் அவள் நிறுத்தவே இல்லை. மூன்றாவது பக்கத்தைத் தாண்ட இருபது நிமிடம்.

பெற்றோருக்கு மட்டும் நடக்கும் பேச்சு சுத்த அறுவை. செல்போனைக் குறையுங்கள் என்று ஆறு வாரமும் அதே பாட்டு. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் கிடையாது. அதனாலேயே ஓர் அம்மா மூன்றாம் வாரத்தோடு நின்றுவிட்டார். காலை நேரம் வேறு, வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள்? அப்பாக்கள் என்று பார்த்தால் நானும் இன்னொருவரும்தான்.

சரி, அடுத்த சுற்றுக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். பேச்சு நேரத்தில் மட்டும் வராந்தாவில் உட்கார்ந்துகொள்வதாகத் திட்டம்.